அமாவாசையில் மாறாத தாள்

நவம்பர் 22, புதன்

ஒன்றியத்தில் இரண்டு நாள் பயிற்சி முடிந்தது. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து ஊர் ஓடையை ஆராய வேண்டுமாம். ஓடை எங்கே பிறக்கிறது, எந்தெந்த நிலத்துத் தண்ணீர் அதில் வந்து சேர்கிறது, சேர்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் பதில் சொல்லக் கூடாது. இருபது வருஷமாகப் பதில் சொல்லியே பிழைக்கிறவளிடம் வந்து சொல்கிறார்கள். குடியரசு தினக் கிராம சபையில் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள் என்று தலைமையாசிரியர் எனக்கும் சேர்த்தே தலையாட்டிவிட்டார்.

ஆசிரியரும் நாள்தோறும் எழுதிவர வேண்டும் என்றார்கள். எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

நவம்பர் 23, வியாழன்

மில்லில் ஜவ்வரிசி காயவைக்கிற பழைய தார்ப்பாய் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் மில் ஊருக்கு மேற்கே மேட்டில், ஊர் ஓடையான கோணப்பள்ளத்தின் கரையில் இருக்கிறது. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் மில். என் மாமனார் ஆரம்பித்தது, இப்போது என் வீட்டுக்காரர் நடத்துகிறார். ஊரில் பாதி வீட்டுக்கு அங்கேதான் வேலை.

மைதானத்தில் செங்கல்லும் மண் மூட்டையும் அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போர்த்தினேன். கரடு, மேடு, பள்ளம் எல்லாம் வந்துவிட்டது. பள்ளத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, இதுதான் நம் பள்ளிக்கூடம் என்றேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மேட்டில் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். கவினேஷ் சும்மா இருப்பானா? சிவப்புக் கோலப்பொடியை ஒரு கை அள்ளி உச்சியில் போட்டான். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு வந்து தீப்பெட்டியைச் சிவப்பாக்கியது.

ஐந்தாம் வகுப்புக் கனிஷ்கா குனிந்து பார்த்தாள். எதையும் சட்டென்று நம்பாத பிள்ளை. மறுபடி ஊற்றச் சொன்னாள், இன்னொரு மேட்டில். மறுபடி தீப்பெட்டிக்குத்தான் வந்தது.

"மேல யாரு என்ன போட்டாலும் நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் வருதுங்க டீச்சர்."

சபாஷ் என்றேன். தீப்பெட்டி நனைந்து போயிருந்தது.

சுவரில் பெரிய சார்ட் ஒட்டியாகிவிட்டது. நாள், பார்த்தது, பார்த்தவர், நினைத்தது, கேட்க வேண்டியது என்று கட்டங்கள். பார்த்ததையும் நினைத்ததையும் கலந்தால் முட்டி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எதை எழுதினாலும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

நவம்பர் 24, வெள்ளி

செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் வெள்ளைத் தாளை நனைத்துக் காயவைத்து வைத்திருந்தோம். புளிப்பான தண்ணீரில் முக்கினால் தாள் ரோஜா நிறமாகும். எலுமிச்சைச் சாற்றில் ஒருமுறை காட்டினேன். அதற்கே கைதட்டினார்கள்.

ஓடை பள்ளிக் கிணற்றை ஒட்டி ஓடும் இடத்தில் முக்கினார்கள். ரோஜா நிறம். லேசாகத்தான். தண்ணீர் கலங்கல், ஓரத்தில் நுரை, வாடை. மேலே ஊற்று வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். பாம்பு இருக்கும், வேண்டாம் என்றேன். பாம்பு இருக்கத்தான் செய்யும்.

"சாக்கட நாத்தம் டீச்சர்" என்றான் கவினேஷ், காலைச் சொறிந்துகொண்டே.

"மூணாங்கிளாஸ்லருந்து இப்படித்தான இருக்கு" என்றாள் இன்னொருத்தி. இலை விழுந்து அழுகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யூகம் என்று பாராட்டி, நினைத்தது கட்டத்தில் எழுத வைத்தேன். இலை அழுகினாலும் தண்ணீர் புளிக்கலாம். ஏன் கூடாது?

டிசம்பர் 1, வெள்ளி

இந்தப் பெண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை. கனிஷ்கா போன வாரமே இரண்டு டப்பாவில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஓடைக்கரை இலையை ஊறப் போட்டிருக்கிறாள். ஒரு வாரம் வகுப்பின் மூலையில் வைத்து மூடியிருக்கிறாள். நான் பார்க்கவேயில்லை. இன்று திறந்தாள். ஒரே நாற்றம். தாள் மாறவில்லை.

"இலை இல்லீங்க டீச்சர்" என்று சொல்லி, போன வார யூகத்தின் மேல் ஒரே கோடு கிழித்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. யூகம் தப்பானால் வெட்கப்படாமல் அடி என்று நான்தானே சொன்னேன்.

ஓடையில் தாள் மறுபடி ரோஜா நிறம்.

டிசம்பர் 3, ஞாயிறு

"ஓடையில என்னடி பண்ணிட்டுத் திரியுறீங்க?" என்று சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"பாடம்."

"பாடம் புஸ்தகத்துல இருக்குமில்ல?"

ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் 7, வியாழன்

நாளை போகவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. அதற்குப் பதிலாக வரும் செவ்வாய்க்கிழமை போகலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தென்னந்தோப்பு வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்றதும் ஓ என்று கத்தினார்கள்.

செவ்வாய் அமாவாசை. நல்ல நாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

தாள் மாறவே இல்லை! கிணற்றோரத்திலும் இல்லை, தோப்பிலும் இல்லை. தண்ணீர் தெளிவாக ஓடியது. கூழாங்கல் தெரிந்தது. பிள்ளைகள் நம்பாமல் ஆளுக்கு ஒருமுறை முக்கிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? ஓடை தானே சுத்தமாயிடும். இயற்கை" என்றேன். பதில் சொல்லக் கூடாது என்பது மறந்துவிட்டது.

தலைமையாசிரியரிடமும் சொன்னேன். கிராம சபையில் படிக்க நல்ல செய்தி என்றார். வீட்டுக்கு வந்து வடை சுட்டு, ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். அவர் காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தார். இரண்டு தம்ளர் குடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு மனது லேசாக இருந்தது.

டிசம்பர் 15, வெள்ளி

நான் இல்லாமலே போய்விட்டார்கள். காலை மணி அடிப்பதற்கு முன்னால், கிணற்றோரம்தான், பத்தடி தூரம். திட்டவும் முடியவில்லை. தாள் ரோஜா நிறம்.

சார்ட்டுக்கு முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். கனிஷ்கா குச்சியை வைத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டாள்.

"இன்னிக்கு ரோஸு. ஒண்ணாந்தேதி ரோஸு. நவம்பர்ல ரோஸு. பன்னெண்டாந்தேதி மட்டும் மாறல. அன்னிக்கு மட்டும் என்ன வேற?"

அந்தக் கேள்வியை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று மாறியிருந்தால், கூடவே வேறு எது மாறியது என்று தேடு. தேடினார்கள். அன்று செவ்வாய்க்கிழமை என்றான் ஒருவன். டீச்சர் பச்சைச் சேலை என்றாள் ஒருத்தி. அன்று மழை இல்லை என்றதற்கு, இன்றும்தான் மழை இல்லை என்று கவினேஷ் அடித்துவிட்டான்.

"அன்னிக்கு அமாவாசை" என்றாள் கனிஷ்கா. "எங்கப்பா வீட்ல இருந்தாரு. அமாவாசைக்கு மட்டுந்தான் இருப்பாரு. மொத நா சாயங்காலமே மில்ல நிறுத்திருவாங்க."

அவளுடைய அப்பா எங்கள் மில்லில் கிழங்கு இறக்குகிறார்.

கவினேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். "டீச்சர் வீட்டு மில்லா?"

"கணக்கு நோட்டை எடுங்க" என்றேன்.

டிசம்பர் 16, சனி

பிள்ளைகள் அமாவாசை வரைக்கும் வந்துவிட்டதைச் சொல்லி, இன்று அவரிடம் கேட்டேன். தெரியாததை அல்ல, இத்தனை நாள் தெரிந்தே கேட்காமல் விட்டதை. மில் கழிவுத் தண்ணீர் தங்கித் தெளிவதற்கு ஒரு தொட்டி இருக்கிறது. அதில் சகதி கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் தங்குவதில்லை, அப்படியே ஓடைக்குப் போகிறது. இதை என் வாயால் சொல்லவே எனக்கு ஒருமாதிரி இருந்தது. அவருக்கு இல்லை.

"அள்ளணும்னா பத்து நாள் மில்ல நிறுத்தணும். கெழங்கு வந்து குமிஞ்சு கெடக்குது. ரெண்டு நாள் போனா அத்தனையும் அழுகிரும். வேலைக்கு வர்றவங்கெல்லாம் எங்க போவாங்க? சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

"பள்ளிக்கூடக் கிணறு ஓடையை ஒட்டித்தான் இருக்கு. அந்தத் தண்ணியிலதாங்க சமைக்கிறாங்க, பிள்ளைங்க குடிக்கிறாங்க."

"குடிச்சு யாருக்காச்சும் எதாச்சும் ஆயிருக்கா?"

கவினேஷ் சொறிந்த கால் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள் திருத்தினேன். கனிஷ்கா அறிவியலில் முழு மதிப்பெண்.

ஜனவரி 5, வெள்ளி

லீவு முடிந்து முதல் சோதனை. ரோஜா நிறம். கேட்க வேண்டியது கட்டத்தில் கனிஷ்கா எழுதியிருக்கிறாள்: அடுத்த அமாவாசை ஜனவரி பதினொன்று. அன்றும் மாறாமல் இருக்குமா?

அவள் மில் என்று எழுதவில்லை. ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும் என்று மற்ற பிள்ளைகளையும் அடக்கி வைத்திருக்கிறாள். பயிற்சியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்குக் கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

ஜனவரி 9, செவ்வாய்

"உன் பிள்ளைங்க திரும்ப எப்பப் போறாங்க?" என்று அவர் கேட்டார்.

"வியாழக்கிழமை."

"அமாவாசையா?"

"ம்."

தேதியைத்தான் சொன்னேன். தேதி காலண்டரிலேயே இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

விடிந்ததும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அமாவாசையன்று அவர் வாசல் தாண்டி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, ஏற்கெனவே குளித்தவர் மறுபடி குளித்தார். லுங்கியைத் தனியாக வாளியில் ஊறப் போட்டார்.

பள்ளிக்கு மில் வழியாகப் போனேன். சுற்று வழிதான். காற்றாட இருக்கும் என்று போனேன்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் தாளை முக்கினார்கள். சிவந்துவிட்டது. இதுவரை இப்படிச் சிவந்ததே இல்லை.

இன்று நான் பார்த்தது என்று எழுதத் தொடங்கினேன். வேண்டாம்.

ஜனவரி 12, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கனிஷ்கா என் மேஜைக்கு வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, ஏதோ உடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"நான் மில்லுதான்னு நெனச்சுட்டேங்க டீச்சர். எழுதல. ஆனா மனசுக்குள்ள நெனச்சுட்டேன். எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நேத்து மில்லு லீவு. எங்கப்பா வீட்லதான் இருந்தாரு. ஆனா தாளு செவந்துருச்சு. அப்ப மில்லு இல்லதான?"

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பிள்ளை நான் சொல்லிக் கொடுத்தபடி யோசித்திருக்கிறாள், ஒரு படி தவறாமல். தப்பு அவளுடைய யோசனையில் இல்லை. தண்ணீரில் இருந்தது.

"போய்ச் சாப்பிடு" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். குரல்தான் அதட்டல்போல் வந்துவிட்டது. சார்ட்டுக்குப் போய், அமாவாசை யூகத்தின் மேல் கோடு கிழித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவர் மேல் வந்ததைவிட அதிகமாக.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பொங்கியது. எல்லோரும் கத்தினார்கள், நானும்.

ஜனவரி 25, வியாழன்

ஒத்திகை. கிராம சபையில் என்ன படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். ஓடை எங்கிருந்து வருகிறது, எப்படிச் சோதித்தோம், இரண்டு யூகம் வைத்தோம், இரண்டும் தப்பு, காரணம் தெரியவில்லை. தலைமையாசிரியருக்குப் பரம திருப்தி.

"யாரையும் நோகடிக்காம முடிச்சீங்க மேடம்" என்றார்.

வீட்டில் அவரும் நாளை வருகிறேன் என்றார். பிள்ளைகளுக்கு மிட்டாய் அவர் செலவாம்.

ஜனவரி 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலமரத்தடியில் கூட்டம். அவர் முதல் வரிசை நாற்காலியில். கனிஷ்காவின் அப்பா பின்னால், மில் ஆட்களோடு. சார்ட்டைப் பந்தல் காலில் கட்டியிருந்தோம். கனிஷ்கா படித்தாள். குரல் நடுங்கவில்லை. "எங்க ரெண்டாவது யூகமும் தப்பு" என்று முடித்தாள். பெரியவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அவர்.

ஊராட்சித் தலைவர் அம்மா மைக்கை வாங்கி, "டீச்சர் ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன். சத்தியமாக அதற்குத்தான் எழுந்தேன். கனிஷ்கா சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, தப்பாய்ப் போன யூகத்துக்குக் கிடைத்த கைதட்டலை வாங்கத் தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நன்றி வாயில் வரவில்லை.

அவள் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவை வாங்கினேன். ஜனவரி 11 வரியில், பார்த்தது கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன். மில் தொட்டியின் மதகுப் பலகை தூக்கியிருந்தது, தேங்கிய சகதித் தண்ணீர் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்த்தவர் கட்டத்தில் என் பெயர்: மங்கையர்க்கரசி.

எழுதியதை வாசிக்க வேண்டும் என்பது விதி. கனிஷ்கா வாசித்தாள். பாதியில் வேகம் குறைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"யாரு தெறந்தாங்கன்னு பாத்தீங்களா?"

"அத பாக்கல."

"அப்ப அத எழுதக் கூடாது" என்றாள். பிறகு தான் அடித்த யூகத்துக்குப் பக்கத்தில் போய், கோட்டின் மேல் விரலை வைத்து, "இது தப்புன்னு இன்னும் சொல்ல முடியாதுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தது கூச்சல். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அம்மாக்கள் கத்தினார்கள். மில் ஆட்களில் ஒருத்தர், வேலை போனால் நீயா சோறு போடுவாய் என்று அவர்களைப் பார்த்துக் கத்தினார். கனிஷ்காவின் அப்பா எந்தப் பக்கமும் பேசாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். மிட்டாய்ப் பை நாற்காலியிலேயே கிடந்தது.

வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்ல சொல்லியிருக்கக் கூடாதா? ஊரு முன்னாடிதான் சொல்லணுமா?"

"வீட்டுலதாங்க மொதல்ல சொன்னேன். தேதியோட சொன்னேன். அதுக்குத்தான் நீங்க மதகத் தெறந்தீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். எனக்குப் பயம்தான்.

ஜனவரி 29, திங்கள்

மில் நின்றிருக்கிறது. தொட்டியை அள்ளுகிறார்கள். பஞ்சாயத்தில் பத்து நாள் கெடு. அவர் காலையில் வந்து, துணியை எடுத்துக்கொண்டு, என்னிடம் பேசாமல் போனார். கிழங்கு அழுகும் வாடை தெருமுனை வரை வருகிறது. பள்ளிக்கு லாரித் தண்ணீர்.

ஜனவரி 31, புதன்

அவர் வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

கிணற்றோரம் தாளை முக்கினோம். மாறவில்லை. வகுப்புக்குத் திரும்பி வரியை எழுதினோம்.

"எங்கப்பா இப்ப தெனமும் வீட்ல இருக்காருங்க டீச்சர். தெனமும் அமாவாச மாதிரி இருக்கு" என்றாள் கனிஷ்கா. சந்தோஷமாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மில் திறந்ததும் அப்பாவுக்கு வேலை இருக்குமா என்று கேட்கவில்லை அவள். நானும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு?

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் சார்ட் முன்னாலேயே நின்றாள். குச்சியால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"டீச்சர், நாம எப்பவும் வெள்ளிக்கெழமதான போறோம்? ஜனவரில அமாவாச பாக்கத்தான் வியாழக்கெழம போனோம். டிசம்பர் பன்னெண்டு ஏன் செவ்வாக்கெழம போனோம்?"

வேறு வேலை இருந்தது என்று சொல்லலாம். நல்ல நாள் என்று சொல்லலாம். இரண்டும் என் நாக்கு நுனியில் இருந்தன.

"அன்னிக்கு மில்லு லீவுன்னு எனக்குத் தெரியும் கனிஷ்கா. தாளு மாறாதுன்னும் தெரியும். அதனாலதான் கூட்டிட்டுப் போனேன்."

அழவில்லை, திட்டவில்லை, ஏன் டீச்சர் என்று கேட்கவில்லை. ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"எந்தக் கட்டத்துல எழுதறது? நீங்க பாத்ததும் இல்ல. நெனச்சதும் இல்ல. தெரிஞ்சதுன்னு நம்மகிட்ட கட்டமே இல்லையே?"

"போடு. புதுசா ஒரு கோடு இழு."

ஸ்கேலை நான் பிடித்துக்கொண்டேன். அவள் மேலிருந்து கீழே வரைக்கும் இழுத்தாள்.